அம்மா தள்ளிப் படுத்த இடம்

இப்போது என் வயிற்றுக்குள் இரண்டு லிட்டர் தண்ணீர் நிற்கிறது. நான் குடித்தது அல்ல. அவ்வளவு குடிக்க எனக்கு அனுமதியும் இல்லை. குழாய் வழியாக உள்ளே விட்டது. மத்தியானம் வரைக்கும் அது உள்ளேயே இருக்க வேண்டும். அதுவரை சும்மா இருப்பதற்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவள். செகண்டரியில் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை, சீக்கிரமே நின்றுவிட்டுத் தேயிலை வெட்டப் போனேன். பிழை இருந்தால் இருக்கட்டும். என் நோயைப் பற்றி எங்கள் லைன் வீடுகளில் என்னைத் தவிர எல்லோரும் பேசிவிட்டார்கள். செய்வினை என்றார்கள். கெட்ட பழக்கம் என்றார்கள். தை மாசம் தாண்டாது என்றார்கள். நான் தாண்டிவிட்டேன். தாண்டாமல் போனது அம்மாதான். இனி நான் பேசுகிறேன்.

முதலில் பூட்ஸுக்குள் கால் நுழையவில்லை. எங்கள் எஸ்டேட்டில் சரிவு குறைந்த இடங்களில் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடிக்கும் மெஷினால் கொழுந்து வெட்டுவார்கள். மெஷின் ஏறாத சரிவில் கையால் வெட்டும் கத்தரிதான். அந்தச் சரிவு எனக்கும் அம்மாவுக்கும். ஒரு காலையில் பூட்ஸை இழுத்து இழுத்துப் பார்த்தேன், கால் போகவில்லை. "ராத்திரி கருவாட்ட அந்த வாங்கு வாங்குனா வீங்காம என்னா செய்யும்," என்று அம்மா திட்டிவிட்டு அப்பாவின் பழைய பூட்ஸை எடுத்துக் கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டு போய் வெட்டினேன். கொஞ்ச நாளில் அப்பாவின் பூட்ஸும் பற்றவில்லை. மூத்திரம் சோப்பு நுரை மாதிரி போனது. சரிவில் ஏறினால் மூச்சு வாங்கியது. பிறகு படுத்தாலே வாங்கியது.

எஸ்டேட் கிளினிக்கில் மருந்து கொடுக்கும் டிரசர் என் முழங்காலுக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினார். அழுத்திய இடம் குழியாகவே நின்றது. எப்போதும் கேலி பேசுகிற மனிதர், அன்று உடனே ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். மலை ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்ததும் ஆம்புலன்ஸில் ஏற்றிக் கீழே ஈப்போ டவுனுக்கு அனுப்பிவிட்டார்கள். வளைவுக்கு வளைவு நான் வாந்தி எடுத்துக்கொண்டே போனேன். அம்மா மலையிலிருந்து அப்படியே ஓடி வந்தவள், பனிக்கும் மழைக்கும் இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் தாளைக்கூட அவிழ்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குள் அதோடுதான் நடந்தாள். சரக் சரக்கென்று சத்தம். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நடந்தாள்.

இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை என்று டாக்டர் சொன்னார். எனக்குப் புரிகிற மாதிரி ஒன்று சொல்லித் தந்தார். கிட்னி என்பது தேத்தண்ணி வடிகட்டி மாதிரி. ஓட்டை பெரிதானால் தூளும் சேர்ந்து இறங்கிவிடும். அடைத்துக்கொண்டால் தண்ணீரே இறங்காது. என்னுடையது முதலில் ஓட்டையாகி உடம்புக்கு வேண்டிய சத்தையெல்லாம் வெளியே விட்டிருக்கிறது. அந்த நுரை அதுதான். பிறகு அடைத்துக்கொண்டது. அதனால்தான் வீக்கம், மூச்சு.

அதோடு முடியவில்லை. ரத்தத்தில் இரண்டு கிருமி இருந்தது. ஹெபடைடிஸ் பி ஒன்று, ஹெபடைடிஸ் சி ஒன்று. இரண்டும் கல்லீரலில் குடியிருக்கிற கிருமிகள், வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். பி பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம், வடிகட்டியைக் கெடுத்ததும் அதுவாக இருக்கலாம் என்றார். சி எப்படி வந்தது என்று அவருக்கும் தெரியவில்லை. ஆனால் எங்கள் லைனில் எல்லோருக்கும் தெரியும். யாரோடு பேசினேன், எங்கே போனேன் என்று எனக்கே தெரியாத கதையெல்லாம் சொன்னார்கள். எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்டவர்களுக்கெல்லாம் நான் ஒரே பதில்தான் வைத்திருந்தேன். வந்தது வந்துவிட்டது, நீங்களா வந்து என் ரத்தத்தைக் கழுவப் போகிறீர்கள்?

ரத்தத்தைக் கழுவ மெஷினில் போட்டார்கள். கழுத்துப் பக்கம் ஒரு குழாய் சொருகி, அதன் வழியாக ரத்தம் வெளியே போய், மெஷினில் சுத்தமாகி, திரும்ப உள்ளே வரும். முடியும்போது குளிரில் பல் அடிக்கும். கெண்டைக்கால் நரம்பு முறுக்கிக்கொண்டு இழுக்கும். அம்மா வெளியே இருந்தாலும் என் சத்தம் கேட்டு ஓடிவந்து காலைப் பிடித்து நீவிவிடுவாள்.

கிருமி இருக்கிறவர்களுக்கு மெஷின் தனி. பி உள்ளவர்களுக்கு ஒன்று, சி உள்ளவர்களுக்கு ஒன்று. இரண்டும் உள்ளவளுக்கு? மூலையில் ஒரு தனி அறை, எப்போதாவது காலியாகிற ஒரு மெஷின். மற்றவர்கள் ரத்தத்தைக் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு, தப்பில்லை. ஆனால் அந்தக் கதவு சாத்தும்போது ஒவ்வொரு தடவையும் என்னை என்னவோ திருடி போல உள்ளே வைத்துச் சாத்துவதாகவே இருக்கும். அங்கே ரொம்ப நாள் இடம் தர முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ரத்தம் பார்த்தார்கள். அப்பாவுக்கு ஒன்றும் இல்லை, தடுப்பூசி போட்டார்கள். அம்மாவுக்கு பி இருந்தது. கல்லீரலும் ரொம்பக் கெட்டிருந்தது. வெளியே நாற்காலி வரிசையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நாந்தான ஒனக்குக் குடுத்தேன், நாந்தான குடுத்தேன் என்று அதையே சொன்னாள். அழுகிறவளைத் தேற்ற எனக்குத் தெரியாது.

"இந்தச் சப்ப மூக்கும் நீதாம்மா குடுத்த. அதுக்கு என்னிக்காச்சும் அழுதியா?"

அழுகையோடு சிரித்தாள். பக்கத்திலிருந்த சீனத்துக் கிழவிக்கும் புரிந்த மாதிரி அவளும் சிரித்தாள்.

பிறகுதான் டாக்டர் வேறு வழி சொன்னார். வயிற்றுக்குள் குடலைச் சுற்றி மெல்லிய சவ்வு இருக்கிறது. சின்னக் குழாய் ஒன்றை நிரந்தரமாக வைத்து, சர்க்கரை கலந்த சுத்தத் தண்ணீரை உள்ளே விட்டால் உடம்பின் கழிவெல்லாம் அந்தச் சவ்வு வழியாக அதில் இறங்கும். சில மணி நேரம் கழித்து அதை இறக்கிவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். பகலில் சில தடவை, தினமும், லீவு கிடையாது. மெஷின் வேண்டாம், தனி அறைக் கதவு வேண்டாம், வீட்டிலேயே செய்யலாம். ஆனால் கையில் அழுக்கோ காற்றில் தூசோ இருந்து, கிருமி குழாய் வழியாக உள்ளே போனால் வயிறு முழுக்கச் சீழ் பிடித்து ஆள் போய்விடலாம்.

வீட்டிலேயே என்ற ஒரு வார்த்தைதான் என் காதில் விழுந்தது. மலையில், எங்கள் லைனில், அம்மாவோடும் அப்பாவோடும்.

வயிற்றில் குழாய் வைத்தார்கள். பழக்கித் தர வந்தவர் மிஸ்ஸி சல்மா. எங்கள் ஊரில் நர்ஸை மிஸ்ஸி என்போம். துணைக்கு ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார், அம்மா கற்றுக்கொண்டாள். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. மஞ்சள் மூடிப் பையில் சர்க்கரை லேசு, பச்சை மூடிப் பையில் கடுசு, கால் வீங்கினால் பச்சை என்று நிறத்தை வைத்தே பிடித்துக்கொண்டாள். ரப்பர் வயிறு ஒன்றை வைத்துப் பழகினாள். "இது ஒன்ன மாதிரி மொனகாது, நல்ல புள்ள," என்று அதைத் தட்டிக் கொடுத்தாள். மிஸ்ஸி வீட்டை வந்து பார்ப்பது மட்டும்தான் பாக்கி.

அதற்குள் அம்மா ஒரு நாள் வேலைக்குப் போனாள். நான் வேண்டாம் என்றேன். சரிவில் கத்தரியோடு நின்றவள் ரத்தமாக வாந்தி எடுத்தாள். கல்லீரல் கெட்டால் தொண்டைக் குழாயில் நரம்பு புடைத்து வெடிக்குமாம். லோரியில் வைத்துக் கீழே கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. இதற்கு மேல் என்னால் எழுத முடியாது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவர்கள் எப்போதும் படுக்கிற இடத்தில் விளக்கு வைத்து, ஒரு சொம்புத் தண்ணீர் வைப்போம். முப்பதாம் நாள் காரியம் முடியும்வரை விளக்கு அணையக்கூடாது, இடமும் மாறக்கூடாது. அம்மாவும் நானும் உள்ளறையில் பக்கத்தில் பக்கத்தில் படுப்போம், அப்பா முன்னறையில் படுப்பார். அதனால் விளக்கு உள்ளறையில் எரிந்தது. எங்கள் வீட்டில் கதவு இருக்கிற ஒரே அறை அதுதான். வயிற்றுத் தண்ணீர் மாற்றவும் கதவு உள்ள அறைதான் வேண்டும்.

அம்மாவின் தம்பி சேகர் மாமா, மலைமேல் கம்போங் ராஜாவிலிருந்து ஈப்போவுக்குக் காய்கறி லோரி ஓட்டுகிறவர். நான் ரத்தம் கழுவப் போகும்போதெல்லாம் அவர் லோரியில்தான் போனேன். ஈப்போவில் எங்கள் வீட்டிலேயே தங்கிவிடு, எப்படியாவது ஒரு மெஷின் பார்க்கலாம் என்றார். நல்ல மனசுதான். ஆனால் நானும் போய்விட்டால் அப்பா வேலையிலிருந்து வந்து விளக்கைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பார். போக மாட்டேன் என்றேன்.

அப்பாவே துணைக்குக் கற்றுக்கொள்ள ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவர் செடி கவாத்து வெட்டுகிறவர். மிஸ்ஸி அவரை நகம் தேய்த்துக் கை கழுவச் சொன்னார். கழுவினார். மிஸ்ஸி பார்த்துவிட்டு, இன்னும் அழுக்கு இருக்கிறது என்றார் மலாயில். அப்பா திரும்பப் போய்க் கழுவினார். மிஸ்ஸி மறுபடியும் அப்படியே சொன்னார். அப்பா மறுபடியும் தேய்க்கப் போனார், தோல் சிவந்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. அது அழுக்கு இல்லை மிஸ்ஸி, தேயிலைக் கறை, தோலை உரித்தாலும் போகாது என்று கட்டிலில் இருந்தே கத்தினேன். மிஸ்ஸி அப்பாவின் கையை வெளிச்சத்தில் பிடித்து விரல் விரலாகத் திருப்பிப் பார்த்தார். உங்கள் மனைவி கையும் இப்படித்தான் இருந்தது என்று மெதுவாகச் சொன்னார். அப்பா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மிஸ்ஸி வீட்டைப் பார்க்க வருகிற நாள் வந்தது. அப்பா லீவு போட்டு விடியலிலிருந்தே அறையைக் கழுவினார். சாவு விழுந்த வீடு, சுத்தம் பார்க்க ஆள் வருகிறது, சும்மா விடுவாரா? மஞ்சள் தண்ணீரைச் சுவரெல்லாம் தெளித்தார். பிறகு சாம்பிராணி போட்டார். ஆள் முகம் தெரியாத அளவுக்குப் போட்டார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அம்மா இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பாள் என்று நினைத்தேன்.

மிஸ்ஸி கதவைத் திறந்ததும் இருமினார். புகைக்குள்ளிருந்து அப்பா பெருமையாக, "நல்லா சுத்தம் பண்ணியிருக்கேன், மிஸ்ஸி," என்றார் தமிழிலேயே. மிஸ்ஸி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஈரச் சுவரில் கை வைத்தார், கையில் மஞ்சள் ஒட்டியது. சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. விளக்கையும் அம்மா படத்தையும் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். வெளியே வந்து எங்களுக்கு விளக்கினார். புகை ஆகாது. ஈரச் சுவர் பூஞ்சணம் பிடிக்கும், ஆகாது. சுவர் கூரைவரை போகவில்லை, பக்கத்து வீட்டுப் புகையும் தூசும் மேலே வழியாக வருகிறது, அதை அடைக்க வேண்டும். கடைசியில் தயங்கித் தயங்கி, அந்த விளக்கும் அங்கே எரியக்கூடாது என்றார். அடுத்த வாரம் வேறொரு நோயாளிக்காக மலைக்கு வருவதாகவும், அப்போது திரும்பப் பார்ப்பதாகவும், அதை விட்டால் எப்போது என்று சொல்ல முடியாது என்றும் சொல்லிவிட்டுப் போனார். அப்பா தான் போட்ட புகையை நினைத்து இரண்டு நாள் என்னிடம் பேசவே இல்லை. கோபம் என் மேல் இல்லை.

பக்கத்து வீடு பார்வதி அக்காவுடையது. ஆஸ்பத்திரியிலிருந்து முதலில் வந்தபோது எனக்குத் தேத்தண்ணி கொடுத்தார், ஜன்னல் கம்பியில் தனியாக வைத்திருந்த பிளாஸ்டிக் கோப்பையில். இந்தக் கிருமி ரத்தத்தில்தான் வரும். சேர்ந்து சாப்பிட்டால் வராது, கோப்பையில் வராது, கட்டிப்பிடித்தால் வராது. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு நானே கழுவி, அவருடைய மற்ற கோப்பைகளுக்கு நடுவில் மாட்டிவிட்டு வந்தேன். அதோடு அவர் தேத்தண்ணி கொடுப்பதை நிறுத்திவிட்டார்.

மிஸ்ஸி வந்துபோன பிறகு, தண்ணீர்க் குழாயடியில் அக்கா என்னை நிறுத்தினார்.

"கஸ்து, ஒன்னு கேக்குறேன், கோவிச்சுக்காத. வயித்துலேருந்து எறக்குற தண்ணிய எங்க ஊத்தப் போற? முன்னாடி லோங்காங்ல புள்ளைங்க வெளையாடுதுங்க லா."

"எங்க வீட்டு கக்கூஸ்லதான் அக்கா, பிளீச் ஊத்திட்டு. சாக்கடையில ஒரு சொட்டு விழாது."

"சொல்றப்ப எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

"அப்ப வந்து நின்னு பாருங்க. பாத்துட்டுப் போயி லைனெல்லாம் சொல்லுங்க."

வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஈப்போவுக்கு வா என்று சொல்லிக்கொண்டே இருந்த சேகர் மாமாதான், காய்கறித் தோட்டக் கூடாரத்துக்குப் போடுகிற புது பிளாஸ்டிக்கை கியா பார்ம் என்ற ஊரிலிருந்து கொண்டுவந்தார். அவரும் அப்பாவும் சுவருக்கும் கூரைக்கும் நடுவில் இழுத்துக் கட்டி அடைத்தார்கள். சுவர் காய்ந்தது. சாம்பிராணித் தூபக்கால் எங்கோ மறைந்தது. விளக்கு மட்டும் அங்கேயே எரிந்தது. அதைப் பற்றி யாரும் அப்பாவிடம் கேட்கவில்லை.

மிஸ்ஸி வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் மாமாதான் ஆரம்பித்தார். வழக்கத்தை மாற்றினால் அக்கா ஆத்மா அலையும், அதற்குப் பதிலாகப் புள்ளையை ஈப்போவுக்கு அனுப்புவதுதான் எல்லோருக்கும் நல்லது என்றார். விளக்கும் இருக்கட்டும், நானும் இருப்பேன், யாரும் எங்கேயும் போக வேண்டாம் என்று நான் குரலை உயர்த்தினேன். சொல்லும்போதே தெரியும், அது நடக்காது. மிஸ்ஸி நாளைக்கு விளக்கைப் பார்த்தால் திரும்பிப் போய்விடுவார். நான் லோரியில் ஏற வேண்டியதுதான்.

அப்பா எழுந்து உள்ளறை வாசலில் நின்றார். விளக்கையே பார்த்தார்.

"சேகரு, ஒங்கக்கா இந்தப் புள்ளைக்கு எடம் விடாம என்னிக்காச்சும் படுத்திருக்காளா?"

மாமா எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றார்.

"தள்ளிப் படுப்பா," என்றார் அப்பா.

உண்மைதான். வயிறு ஊதிப்போய் நான் புரண்ட நாட்களில் அம்மா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு எனக்குப் பாய் முழுவதையும் விட்டுக் கொடுத்தாள். காலையில் அவள் தோளில் சுண்ணாம்பு இருக்கும்.

அப்பா எண்ணெய் ஊற்றி, திரியைத் தூண்டி, இரண்டு கையாலும் விளக்கை எடுத்தார். "கொஞ்சம் தள்ளிக்க, புள்ள," என்று அதனிடம் சொன்னார். அணையாமல் கொண்டுபோய் முன்னறையில், தான் படுக்கிற பாய்க்குப் பக்கத்தில் வைத்தார். மாமா சொம்புத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்.

மறுநாள் மிஸ்ஸி சுவரைத் தொட்டுப் பார்த்தார், மேலே பார்த்தார், மோந்து பார்த்தார். முன்னறையில் விளக்குக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு என்னிடம் தலையாட்டினார்.

தண்ணீர்ப் பெட்டிகள் லோரியில் வந்து இறங்கிய அன்று லைனே வேடிக்கை பார்த்தது. முதல் தடவை வீட்டில் மாற்றப் போகும்போது பார்வதி அக்கா வாசலில் வந்து நின்றார். கூப்பிட்டது நான்தானே. கை கழுவிட்டு, மூக்கு வாயை மூடிக்கிட்டு உள்ள வாங்க என்றேன். அவருக்கு வந்ததே கோபம்.

"நோவு ஒனக்கு. கை நான் கழுவணுமா?"

"ஒங்க கையில இருக்குறது என் வயித்துக்குள்ள போனா செத்துருவேன், அக்கா. நான் ஒங்களுக்குப் பயப்படணும். நீங்க எனக்கு இல்ல."

என்னையே பார்த்தார். பிறகு பின்பக்கம் போனார். அப்பா பக்கத்தில் நின்று, நகத்துக்குள்ள தேய் பார்வதி, நகத்துக்குள்ள, என்று அவரை மறுபடியும் கழுவ வைத்தது எனக்குக் கேட்டது. மிஸ்ஸியைவிடக் கறாராகிவிட்டார்.

தண்ணீர் இறங்கியது. மூன்றாந்தரம் ஊற்றிய தேத்தண்ணி நிறம். "இவ்ளோதானா," என்றார் அக்கா. அப்பா கையுறை போட்டு அதைக் கக்கூஸில் ஊற்றி, பிளீச் ஊற்றி, தண்ணீர் அடித்துவிட்டது வரைக்கும் அக்கா கூடவே போய்ப் பார்த்தார். அவர் ஒன்றும் மாறிவிடவில்லை. பிளாஸ்டிக் கோப்பை திரும்ப ஜன்னல் கம்பிக்கே வந்துவிட்டது. ஆனால் தன் வீட்டுச் சாம்பிராணியை இப்போது வாசலுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறார்.

சி கிருமிக்கு மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டேன், போய்விட்டது என்று ரத்தத்தில் தெரிந்தது. பி போகாது, அதற்குத் தினமும் மாத்திரை. கிட்னி திரும்ப வராது. தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு ஒரு கோப்பைத் தேத்தண்ணியை நாள் முழுக்க நக்கி நக்கிக் குடிக்கிறேன். நன்றாக ஆகிவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். இருக்கிறேன்.

முப்பதாம் நாள் முடிந்து விளக்கை எடுத்தாகிவிட்டது. அம்மா ஸ்வெட்டர் மாட்டுகிற ஆணியில் இப்போது தண்ணீர்ப் பை தொங்குகிறது. அவள் படுத்த இடத்தில் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. சுவரோரம் கொஞ்சம் இடம் விட்டுத்தான் அடுக்கியிருக்கிறார் அப்பா.

மத்தியானம் ஆகிவிட்டது. அப்பா சாப்பாட்டுக்கு வந்து பின்னால் கை கழுவுகிற சத்தம் கேட்கிறது. இன்னும் முடியவில்லை, நகத்துக்கு வந்திருப்பார். நான் கதவைச் சாத்த வேண்டும். இந்தக் கதவை உள்ளேயிருந்து நானே சாத்துகிறேன். தை தாண்டாது என்றவர்களும் என்னைப் பார்க்க வரலாம், கோபமில்லை. கையைக் கழுவிக்கொண்டு வர வேண்டும்.